தென்னாப்பிரிக்காவின் இங்கிலீஷ்காரர்கள் யார், என்ன ஆனார்கள்?

கேள்வி இது: "தென்னாப்பிரிக்க வெள்ளையர் என்றாலே டச்சு வழி வந்த ஆப்பிரிக்கானர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆங்கிலேயர் வழி வந்தவர்கள் தனியாக இருக்கிறார்களா? நிறவெறிச் சட்டங்களில் அவர்களுக்கும் பங்கு உண்டா, இல்லை அவர்கள் எதிர்த்தவர்களா?"

தனியாகவே இருக்கிறார்கள். இரண்டு நூற்றாண்டாக இருக்கிறார்கள். பங்கைப் பற்றிக் கேட்டால், 1948க்குப் பிறகு ஆப்பிரிக்கானர் கட்சி எழுப்பிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டதில் பெரும் பங்கு இவர்களுடையது. அதே குடும்பங்களிலிருந்துதான் அந்தக் கட்டடத்தை இடிக்க உயிரைப் பணயம் வைத்தவர்களும் வந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும். நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் இந்தக் கதையின் நடுவில் நிற்பதால், எனக்கு இது யாரோ எங்கோ செய்த வரலாறாகத் தோன்றுவதில்லை.

முதலில் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்ப்போம். ஆப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள கேப் பகுதியை டச்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டன் முதலில் 1795இல் பிடித்தது, திருப்பிக் கொடுத்தது, 1806இல் மறுபடி பிடித்தது. அப்போது அங்கே ஆங்கிலேயர் என்றால் சிப்பாய்களும் அதிகாரிகளும் வியாபாரிகளும்தான். கிழக்கு எல்லையில் ஃபிஷ் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கோசா மக்கள் மாடு மேய்த்து வாழ்ந்தார்கள். 1811–12 போரில் கர்னல் ஜான் கிரஹாமின் படை சுமார் 20,000 கோசாக்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டியது. குடிசைகளைக் கொளுத்தி, நின்ற பயிரை அழித்து விரட்டினார்கள். அந்த இடத்தில் எழுந்த ராணுவ முகாம்தான் கிரஹாம்ஸ்டவுன். 1819இல் மகாண்டா என்ற கோசாத் தலைவர் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிக்கொண்டு வந்து அந்த ஊரைத் தாக்கித் தோற்றார். ராபன் தீவில் அடைக்கப்பட்டார். தப்பிக்கும்போது கடலில் மூழ்கி இறந்தார்.

காலியாக்கிய நிலத்தில் கோசாக்கள் திரும்பி வராமல் இருக்க அங்கே ஆள் வேண்டியிருந்தது. படை வைத்தால் செலவு. அதே நேரம் இங்கிலாந்தில் நெப்போலியன் போர் முடிந்து வேலையில்லாத் திண்டாட்டம். 1819இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 50,000 பவுன் ஒதுக்கியது. விண்ணப்பித்தவர்கள் பல்லாயிரம் பேர், தேர்வானவர்கள் சுமார் 4,000 பேர். ஒவ்வொரு ஆணுக்கும் 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார்கள். அந்த நிலத்தில் நேற்று யார் இருந்தார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை.

1820 ஏப்ரலில் முதல் கப்பல் அல்கோவா விரிகுடாவுக்கு வந்தது. துறைமுகம் கிடையாது. அலையில் ஆடும் தட்டைப் படகுகளில் கரைக்குக் கொண்டுவந்தார்கள், பெண்களையும் குழந்தைகளையும் தோளில் சுமந்து இறக்கினார்கள். பொறுப்பு ஆளுநராக இருந்த ரூஃபேன் டான்கின், இறங்கிய இடத்துக்கு இறந்துபோன தன் மனைவியின் பெயரை வைத்தார்: போர்ட் எலிசபெத். அந்த எலிசபெத் 1818இல் இறந்தது நம் மீரட்டில். கணவர் கட்டிய பிரமிடு வடிவ நினைவுச்சின்னம் இன்றும் அந்த ஊர் மேட்டில் நிற்கிறது. ஊர்தான் 2021 முதல் கெபேகா.

டச்சு விவசாயிகளின் மாட்டுவண்டிகளில் பல நாள் பயணம். வண்டிக்காரர்கள் சாமான்களைப் புல்வெளியில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். வழியனுப்பிய மாவட்ட அதிகாரி கைலர் சொன்ன புத்திமதியைக் குடியேறிகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்: ஏர் ஓட்டப் போகும்போது துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எங்கே வந்திருக்கிறோம் என்பது பலருக்கு அப்போதுதான் புரிந்திருக்கும். வந்தவர்களில் பெரும்பாலோர் தச்சர், செருப்புத் தைப்பவர், நெசவாளர், கடைக்காரர். ஏரைத் தொட்டுப் பழகாதவர்கள். முதல் சில ஆண்டுகள் கோதுமையில் துரு நோய் விழுந்து மகசூல் அடியோடு போயிற்று. 1823இல் வெள்ளம். மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நிலத்தை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போய்ப் பழைய தொழிலையே தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்க ஆங்கிலேயர் பெரும்பாலும் நகரவாசிகளாக ஆனதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆப்பிரிக்கானர் பண்ணையைப் பிடித்துக்கொண்டார்கள், இவர்கள் கடை, வங்கி, பத்திரிகை, பள்ளிக்கூடம் என்று போனார்கள்.

பத்திரிகை விஷயம் சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடியதல்ல. 1820 குடியேறிகளில் ஒருவரான ஸ்காட்லாந்துக் கவிஞர் தாமஸ் பிரிங்கிளும் அவர் நண்பர் ஜான் ஃபேர்பேர்னும் 1824இல் கேப் டவுனில் பத்திரிகை ஆசிரியர்களாக இருந்தபோது ஆளுநர் சாமர்செட்டின் தணிக்கையை எதிர்த்து நின்றார்கள். 1829இல் பத்திரிகைச் சுதந்திரம் சட்டமாயிற்று. பிரிங்கிள் லண்டனுக்குத் திரும்பி அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளரானார். ஆனால் கிரஹாம்ஸ்டவுனில் ராபர்ட் காட்லன்டன், அதே பத்திரிகைத் தொழிலில் இருந்துகொண்டு, கோசாக்களின் நிலத்தை இன்னும் எடு, இன்னும் எடு என்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரே தலைமுறை, ஒரே கப்பல் கூட்டம். இந்த இரட்டை வழி கடைசி வரை தொடர்கிறது.

1834–35 போரில் நடந்த ஒரு சம்பவம். கிரஹாம்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் சேலம் என்று ஒரு கிராமம். நம் சேலத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், பைபிளில் வரும் பெயர் அது, சமாதானம் என்று பொருள். மெதடிஸ்ட் குடியேறிகள் அமைத்த ஊர். கோசா வீரர்கள் ஊரைச் சூழ்ந்தபோது ரிச்சர்ட் கஷ் என்ற தச்சர், ஆயுதம் எடுப்பதில்லை என்ற கொள்கைக்காரர், வெறுங்கையோடு அவர்களைப் பார்க்கப் போனார். ஏன் எங்கள் மாடுகளை எடுக்கிறீர்கள் என்று கேட்டார். பசி என்றார்கள். ஊருக்குத் திரும்பி ரொட்டியும் புகையிலையும் பேனாக்கத்திகளும் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் போய்விட்டார்கள். அவர் பேசிய இடத்தில் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். இந்தக் கிராமத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

சரி, நேட்டாலுக்கு வருவோம். நமக்கு நெருக்கமான பகுதி அது. 1824இல் ஃபேர்வெல், ஃபின் போன்ற சில வியாபாரிகள் ஜூலு மன்னர் ஷாகாவின் அனுமதியோடு இன்றைய டர்பன் இருக்கும் துறையில் தங்கினார்கள். 1843இல் பிரிட்டன் நேட்டாலை இணைத்துக்கொண்டது. 1849 முதல் 1851 வரை ஜோசப் பைர்ன் என்ற தரகரின் திட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். 10 பவுனுக்குக் கப்பல் பயணமும் 20 ஏக்கரும். வந்து பார்த்தால் பல இடங்கள் பாறை. பைர்ன் திவாலானார். பருத்தி போட்டார்கள், காப்பி போட்டார்கள், கடைசியில் கரும்புதான் கைகொடுத்தது. 1851இல் எட்மண்ட் மோர்வுட் முதல் சர்க்கரையைக் காய்ச்சினார்.

கரும்பு வெட்ட ஆள் வேண்டும். ஜூலுக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன, வெள்ளைக்காரன் தோட்டத்தில் கூலி வேலை செய்ய அவசியமில்லை. அதனால் தோட்டக்காரர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கேட்டு வாங்கினார்கள். 1860 நவம்பர் 16இல் மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனில் நங்கூரமிட்டது. 1911 வரை மொத்தம் 1,52,000 பேருக்கு மேல் போனார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் மாகாணத்திலிருந்து. தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

நேட்டால் ஆங்கிலேயரின் மனநிலை இங்கேதான் துலக்கமாகத் தெரிகிறது. கூலியாக வந்த இந்தியர் வேண்டும், ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக நிற்கும் இந்தியர் வேண்டாம். 1893இல் நேட்டாலுக்குத் தன்னாட்சி கிடைத்தது. கிடைத்தவுடன் செய்த முதல் வேலைகளில் ஒன்று இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா. காந்தி 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியது இதை எதிர்த்துத்தான். 1895 சட்டம், ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் போடாமலும் இருப்பவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒப்பந்தக் கூலிக்கு முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், ஆறு மாத உழைப்பு. பின்னர் 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 வயது தாண்டிய பெண்பிள்ளைக்கும் அதே வரியைப் போட்டார்கள். கணவன், மனைவி, பருவத்துக்கு வந்த இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 12 பவுன். இதை எதிர்த்துத்தான் 1913 வேலைநிறுத்தம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது பதினாறு வயதுதான். அந்த ஆண்டுதான் வரி நீங்கியது.

1897 குடிநுழைவுச் சட்டம் இன்னொன்று. இனத்தின் பெயரைச் சட்டத்தில் எழுத லண்டன் சம்மதிக்கவில்லை. அதனால் ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரிய வேண்டும் என்று தேர்வு வைத்தார்கள். யாரை உள்ளே விடுவது என்பது தேர்வு வைக்கும் அதிகாரியின் கையில். 1901இல் ஆஸ்திரேலியா வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கைக்கு இந்த நேட்டால் வழியையே எடுத்துக்கொண்டது.

ஜூலுக்களுக்கு நடந்தது இதைவிடப் பெரிது. தியோஃபிலஸ் ஷெப்ஸ்டன் 1820 கப்பலில் மூன்று வயதுக் குழந்தையாக வந்தவர். கோசா, ஜூலு மொழிகளைத் தாய்மொழி போலப் பேசியவர். 1845 முதல் முப்பது ஆண்டுகள் நேட்டாலில் கறுப்பின மக்களின் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. அவர்களுக்கென்று ஒதுக்கிடங்கள், அங்கே தலைவர்கள் மூலம் ஆட்சி, தனிச் சட்டம், குடிசைக்கு 7 ஷில்லிங் வரி. வாக்குரிமை பெயருக்கு இருந்தது, பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நூறாண்டுக்குப் பின் கறுப்பின மக்களை ஒதுக்கிவைக்கும் தனிப் பகுதிகளாக, பாண்டுஸ்தான் என்று நிறவெறி அரசு கட்டியதன் வரைபடம் இதில் அப்படியே இருக்கிறது.

பிரிட்டனும் குடியேறிகளும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். 1906ஐப் பாருங்கள். தலைவரி எதிர்ப்பில் போலீஸ்காரர்கள் இருவர் கொல்லப்பட்டதற்காக 12 பேருக்கு மரண தண்டனை விதித்தது நேட்டால். லண்டன் நிறுத்திவைக்கச் சொன்னது. நேட்டால் அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தது, வெள்ளையர் கொதித்தார்கள், லண்டன் பின்வாங்கியது, 12 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்து வந்த பம்பாதா கிளர்ச்சியில் இறந்த ஜூலுக்கள் 3,000க்கும் மேல். லண்டன் அரசு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தூரத்தில் உள்ள அரசுக்குச் சில நேரம் கூச்சம் இருந்தது. நிலமும் கூலியும் அன்றாடத் தேவையாக இருந்த குடியேறிக்கு அது இல்லை.

அதே நேட்டாலில்தான் கொலென்சோ என்ற ஆங்கிலிகன் பேராயர், லங்கலிபலேலே என்ற தலைவருக்கு 1874இல் நடந்த விசாரணை அநீதி என்று சொல்லித் தன் சொந்தச் சபையாரின் வெறுப்பைச் சம்பாதித்தார். ஜூலுக்கள் அவரை சோபாண்டு, மக்களின் தந்தை, என்று அழைத்தார்கள்.

வைரம், தங்கம், போயர்களோடு, அதாவது ஆப்பிரிக்கானர்களோடு, பிரிட்டன் நடத்திய போர் எல்லாம் பலருக்கும் தெரிந்த கதை, வேகமாகக் கடக்கிறேன். 1899–1902 போரில் பிரிட்டனின் வதை முகாம்களில் சுமார் 28,000 போயர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கறுப்பின மக்களுக்கான தனி முகாம்களிலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். ஆங்கிலேயர் மீது ஆப்பிரிக்கானருக்கு இருந்த ஆறாத கோபம் இதிலிருந்து வந்தது. ஆனால் 1910இல் எல்லாப் பகுதிகளும் சேர்ந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் அமைந்தபோது இரு வெள்ளையரும் கைகோத்துக்கொண்டார்கள். 1913 நிலச் சட்டம் நாட்டின் சுமார் 7 சதவீத நிலத்தை மட்டும் கறுப்பின மக்களுக்கு விட்டது. அதற்குப் பாதை போட்டது லாக்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தலைமையிலான 1903–05 ஆணையம்.

டர்பன் நகராட்சியையும் சொல்ல வேண்டும். நாட்டிலேயே மிகவும் ஆங்கிலேயத்தனமான நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். 1908 சட்டத்தின்படி அங்கே சோளக் கள் காய்ச்சி விற்கும் உரிமை நகராட்சிக்கு மட்டும். ஜூலுத் தொழிலாளி குடித்த காசிலேயே அவனை அடைத்துவைக்கும் விடுதிகளையும் கண்காணிக்கும் ஆட்களையும் நடத்தினார்கள். மற்ற நகரங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. இந்தியர்கள் வெள்ளையர் தெருக்களில் வீடு வாங்குகிறார்கள் என்று டர்பன் வெள்ளையர் போட்ட கூச்சலில் 1943இலும் 1946இலும் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு தடைச் சட்டங்கள் கொண்டுவந்தது. எதிர்த்து நேட்டால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் மான்டி நாயக்கர் முதலானோர் தலைமையில் இரண்டாயிரம் பேர் சிறை போனார்கள். நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது 1948இல். வரிசையைக் கவனியுங்கள். பின்னால், எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து இந்தியக் காய்கறித் தோட்டக்காரர்களை சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியபோது, திட்டம் நகராட்சியின் பெட்டியில் ஏற்கெனவே இருந்தது.

1948க்குப் பிறகு ஆங்கிலேயருக்கு ஒரு வசதி கிடைத்தது. சட்டம் போடுபவன் ஆப்பிரிக்கானர், பலன் எல்லா வெள்ளையருக்கும். 1960 குடியரசு வாக்கெடுப்பில் நாடு 52 சதவீதத்தில் ஆம் என்றபோது நேட்டாலில் முக்கால்வாசிப் பேர் இல்லை என்றார்கள். பிரிட்டிஷ் ராணியைக் கைவிட மனமில்லை. அந்த உறுதியை, கறுப்பினத்தவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டான பாஸ் புத்தகத்துக்கு எதிராக, தம் வீட்டு வேலைக்காரருக்காகக் காட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1955இல் ஆறு பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டு பேசியதில் பிறந்தது பிளாக் சாஷ் இயக்கம்: தோளில் கறுப்புப் பட்டை அணிந்து தெருவோரம் மௌனமாக நின்றார்கள், பாஸ் சட்டத்தில் மாட்டியவர்களுக்கு ஆலோசனை மையங்கள் நடத்தினார்கள். லிதுவேனிய யூதக் குடும்பத்தில் பிறந்த ஹெலன் சுஸ்மன், ஆங்கிலம் பேசும் ஹவுட்டன் தொகுதியின் உறுப்பினராக 1961 முதல் 13 ஆண்டுகள் தன் கட்சியின் ஒரே ஆளாக நாடாளுமன்றத்தில் நின்றார். டொனால்ட் வுட்ஸ் 1820 குடியேறிகளின் வழித்தோன்றல், ஈஸ்ட் லண்டனில் பத்திரிகை ஆசிரியர். கறுப்பின விடுதலைத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ 1977இல் காவலில் இறந்தபோது உண்மையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அரசு வுட்ஸுக்கு, எழுதவோ கூட்டத்தில் பேசவோ கூடாது என்று தடையாணை போட்டது. அந்த ஆண்டின் கடைசி நாளில் மாறுவேடத்தில் லெசோத்தோவுக்குத் தப்பினார். அடுத்த வாரம் டர்பனில் நிறவெறியை எதிர்த்த ரிக் டர்னர் என்ற தத்துவ அறிஞரை அவர் வீட்டு ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள்.

வாரிசுகள் என்று சொல்லும்போது ஒரு கூட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஜான் டன் என்பவர் 1820 குடியேறி அலெக்சாண்டர் பிகாரின் மகள் வயிற்றுப் பேரன். ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவுக்கு ஆலோசகராகி, தாமே ஒரு தலைவரானார். நாற்பதுக்கும் மேற்பட்ட ஜூலு மனைவியர், நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1950 மக்கள் பதிவுச் சட்டம் வந்தபோது டன் குடும்பத்தார் 'கலர்ட்', அதாவது கலப்பினத்தவர், என்று பதிவானார்கள். ரத்தத்தில் 1820 குடியேறிகள், சட்டத்தில் வேறு ஜாதி.

இன்றைய நிலை? 2011 கணக்கெடுப்பில் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 49 லட்சம். அதில் வெள்ளையர் சுமார் 16 லட்சம், மூன்றில் ஒரு பங்குதான். இந்த 16 லட்சத்திலும் யூதர், போர்த்துகீசியர், கிரேக்கர், ஐரிஷ் வழியினர் கலந்திருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரில் 86 சதவீதம் பேர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் பேரன் பேத்திகள் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள். எனக்கு மனம் கனக்கும் இடம் இது. பேச்சு ஆங்கிலமும் இங்கிலாந்தின் ஆங்கிலம் இல்லை. போக்குவரத்து விளக்கை எல்லோரும் 'ரோபோ' என்கிறார்கள், ஆமாம் என்பதற்கு 'யா' என்கிறார்கள்.

வெள்ளை ஆங்கிலேயரைப் பார்த்து ஆப்பிரிக்கானர் ஒரு கால் இங்கிலாந்தில், ஒரு கால் ஆப்பிரிக்காவில் என்று சொல்வதுண்டு. எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்ற அர்த்தத்தில். பலர் போனது உண்மை. ஆனால் பிரிட்டனின் வம்சாவளி விசாவுக்குத் தாத்தா பாட்டியில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். ஆறேழு தலைமுறையாக அங்கேயே பிறந்த 1820 குடும்பத்துக்கு அந்தக் கதவு திறக்காது. அவர்களுக்கு வேறு ஊர் கிடையாது. கிரஹாம்ஸ்டவுன் 2018இல் மகாண்டா என்று பெயர் மாறியபோது அவர்களில் சிலர் எதிர்த்தது ஏன் என்று எனக்குப் புரிகிறது. மாறியது சரி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி அந்தச் சேலம். ஊர் நடுவில் புல்தரை இருக்கிறது, 1844 முதல் அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு. குடியேறிகளின் மாடுகளோடு, அங்கேயே வாழ்ந்த கறுப்பின மக்களின் மாடுகளும் மேய்ந்தன. 1940இல் நீதிமன்ற உத்தரவு வாங்கி வெள்ளை நில உடைமையாளர்கள் அதைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். நிறவெறி ஆட்சி முடிந்தபின் அந்த மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அப்படி ஒரு சமூகமே இங்கே இருந்ததில்லை, எங்கள் பண்ணையாட்கள்தான் இருந்தார்கள் என்று வாதாடினார்கள் உடைமையாளர்கள். இரு தரப்பும் வரலாற்று அறிஞர்களையே சாட்சிக்கு நிறுத்தின: சமூகத்தின் பக்கம் மார்ட்டின் லெகாசிக், உடைமையாளர் பக்கம் ஹெர்மன் கிலியோமீ. 2017 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சமூகம் இருந்தது, அதன் உரிமை 1940இல் பறிபோனது என்று தீர்ப்பளித்தது.

நில மீட்புச் சட்டம் 1913 ஜூன் 19க்குப் பிறகு பறிக்கப்பட்ட நிலத்துக்கு மட்டும்தான் செல்லும். 1940இல் போனதால் சேலத்து மக்களுக்கு வழக்கு இருந்தது. 1812இல் கிரஹாமின் படை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.